ஐறீனிடம் மறைத்தது

கதிர் சிகிச்சை என்று டொக்டர் பாலசுந்தரம் சொன்ன அன்றே ஐறீன் முடிவுகட்டிவிட்டாள். தனக்குப் புற்றுநோய். அதைப் புருஷன் கார்த்திகனும் டொக்டரும் சேர்ந்து மறைக்கிறார்கள்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. கர்ப்பப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வு வெளியே குடலிலும் ஒட்டி வளரும் என்டோமெட்ரியோசிஸ் வருத்தத்தோடு பதினொரு வருடம் போராடியவள். இரண்டு ஒபரேஷன், மாதாமாதம் ஊசி, ஒன்றும் நிலைக்கவில்லை. மாதத்தில் பத்து நாள் கொட்டாஞ்சேனை வீட்டுக் குளியலறைத் தரையில் சுருண்டு கிடப்பாள். இன்னொரு தடவை கத்தி வைத்தால் குடலுக்கு ஆபத்து என்று சேர்ஜன் கையை விரித்த பிறகுதான் கதிர் என்ற பேச்சே வந்தது.

"அரிதாத்தான் இதைச் செய்யிறது. ஒவ்வொரு நாளும் முதல்ல ஸ்கான் எடுத்துப் பார்த்து, குடலில படாமல் சரியான இடத்துக்கு மட்டும் குடுப்பம்" என்றார் டொக்டர்.

"சரியான இடம் எண்டால் எது?"

டொக்டர் வாய் திறக்குமுன் கார்த்திகன் எழும்பிவிட்டான். "அதெல்லாம் அவை பாத்துக்கொள்ளுவினம். வா, பிந்திப்போச்சு."

சிகிச்சைக்கு அளவெடுக்கப் போன நாளில் அவள் அடிவயிற்றில் மூன்று மைப்புள்ளிகள் குத்தினார்கள். வெளியே ஆட்கள் காத்திருக்கும் வாங்கில், தலைமயிர் கொட்டிய ஒரு பெண் பக்கத்தில் இருந்தாள்.

"உங்களுக்கு எந்த இடத்தில?"

"எனக்கு அந்த வருத்தம் இல்ல."

அந்தப் பெண் இரக்கத்தோடு சிரித்தாள். "எனக்கும் முதல்ல அப்பிடித்தான் சொன்னவங்க."

அன்று பின்னேரம் கார்த்திகன் போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனான். ஐறீன் கதவோரம் நின்றாள். "அவவுக்கு இப்ப சொல்ல வேண்டாம் டொக்டர்" என்பது தெளிவாகக் கேட்டது.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் ஓட்டோ பிடித்துத் தனியாக டொக்டரிடம் போனாள். "எத்தனை மாசம் இருப்பன்? ஒளிக்காமல் சொல்லுங்க."

டொக்டர் திகைத்துப்போனார். பரிசோதனை முடிவை எடுத்து அவள் முன் வைத்தார். "புற்றுநோய் இல்ல. துளியும் இல்ல."

"அப்ப என்னத்தை மறைச்சனீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கதிர் குடுக்கிறது சூலகத்துக்கு, முட்டை உண்டாகிற இடத்துக்கு. அது ஓய்ஞ்சால்தான் வருத்தம் அடங்கும். மாதவிடாய் நிரந்தரமா நிண்டிடும். இனிப் பிள்ளை கிடைக்காது. தானே மெல்லச் சொல்லுறன் எண்டு உங்கட அவர் கேட்டவர். நான் ஒத்துக்கொண்டது பிழை."

உயிர் பிழைத்த ஆறுதலில் முதலில் அழுதாள். கோபம் ஓட்டோவில் திரும்பும்போதுதான் வந்தது.

"நீ மாட்டன் எண்டிடுவாய் எண்டு பயந்தனான்" என்றான் கார்த்திகன், அன்றிரவு அவள் கேட்டபோது. "உன்ர வலியை என்னால பாக்க ஏலாது."

"பிள்ளை ஆசையை நான் எப்பவோ விட்டிட்டன். உங்களுக்காகத்தான் அதைச் சொல்லாமல் இருந்தனான்."



இரண்டு கிழமை அவள் சிகிச்சைக்கான சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. டொக்டரிடம் மூன்று தடவை போய், எலும்பு தேயுமா, மாதவிடாய் நின்றவர்களுக்குப்போல உடம்பு கொதிக்குமா, பின்னால் வேறு வருத்தம் வருமா என்று துருவித்துருவிக் கேட்டாள். வரலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. பிறகுதான் போட்டாள்.

சிகிச்சை முடிந்து நாலாவது மாதம், வெள்ளவத்தையில் இருக்கும் தங்கை கொன்ஸ்ரன்ஸிடம் போக வெளிக்கிட்டாள். கூட வரட்டுமா என்று கார்த்திகன் கேட்டான். வேண்டாம் என்றாள். பஸ்ஸில் இடமில்லை. நின்றுகொண்டே போனாள். டொக்டர் சொன்னதுபோலவே திடீரென்று உடம்பெல்லாம் கொதித்து வேர்த்தது. வலி வரவில்லை.