நீதிபதிக்கு இருமல் வந்தபோது

மொழிபெயர்ப்பாளன், வழக்குப் போட்ட ஒலாலின் சொந்தக்காரன். அதனால் கிழவர் ஓக்விர், நீதிபதியின் ஆங்கிலத்தைத் தன் காதாலேயே கேட்டார்.

"ஓக்விரின் ஆடு ஒலாலின் மரவள்ளியைத் தின்றது என்பது..." என்று தொடங்கிய நீதிபதிக்கு இருமல் வந்தது.

ஆடு, தின்றது, மரவள்ளி எல்லாம் ஓக்விருக்குத் தெரிந்த சொற்கள். தோற்றுவிட்டோம் என்று நினைத்து, வெளியே கட்டியிருந்த தன் ஒரே ஆட்டை ஒப்படைக்க எழுந்தார்.

மனைவி அகெல்லோ சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருய்யா. எதைப் பத்திப் பேசறாருன்னுதான் சொல்லியிருக்காரு. அது என்னாச்சுன்னு இன்னும் சொல்லல."

"பெரிய இங்கிலீஷ்காரி."

"எங்க பாதிரியாரும் இங்கிலீஷ்ல இப்படித்தான் பேசுவாரு. முடியறவரைக்கும் கேட்டுட்டுதான் ஆமென் சொல்லணும்."

நீதிபதி தண்ணீர் குடித்து, "நிரூபிக்கப்படவில்லை" என்று முடித்தார். மொழிபெயர்ப்பாளனும் அதையே சொன்னான்.

"இவன் நெசமாத்தான் சொல்றானா?" என்று ஓக்விர் மனைவியிடம் கேட்டார். 

"நெசந்தான். ஆட்ட அவுத்துட்டு வா, வீட்டுக்குப் போலாம்."