ஏறிப் பார்க்கும் மாளிகை

கேரள எல்லையிலுள்ள பாறசாலையில் நடக்கும் சுதந்திர தின ஊர்வலப் போட்டிக்கு இந்த வருடம் குடியரசுத் தலைவர் மாளிகையைச் செய்வதென்று கொல்லயில் ஊர்க் கலை மன்றத்தில் முடிவானது. மேடை அலங்காரம் செய்கிற சிஜு லாரியின் மேல் தெர்மாகோலில் பெரிய குவிமாடம் எழுப்பினான். முன்னால் தூண்களும் மரப்படிகளும் வைத்தான். உள்ளே ஓர் அறையும் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தவள் மன்றச் செயலாளர் ஸ்டெஃபி. போன வருடம் டெல்லியில் அந்த மாளிகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவள் அவள்.

"முந்நூத்தி நாப்பது ரூம் உண்டு அண்ணா. வெள்ளைக்காரன் வைஸ்ராய்க்குக் கெட்டினது. பொறவு கவர்னர் ஜெனரலாட்டு நம்ம ஆளு ஒருத்தர் அங்க தாமசிக்கப் போனாரு. வைஸ்ராய்க்க பெரிய ரூம் எனக்கு வேண்டாம்ணு சின்ன ரூமுக்கு மாறிட்டாரு. பெரிய ரூம் விருந்துக்காரங்களுக்கு ஆச்சு. நமக்கு அந்தச் சின்ன ரூமைக் காட்டணும்."

"சின்ன ரூமைக் காண ஆரு வருவா மக்கா?" என்றான் சிஜு. ஆனாலும் குவிமாடத்துக்கு அடியில் பிளைவுட்டால் ஓர் அறை அடித்து, கட்டிலும் மேசையும் போட்டுக் கொடுத்தான்.

ஊர்வலத்தன்று விடியற்காலை காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. தார்ப்பாய் கிழிந்து குவிமாடம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. சிஜு ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"போகண்டாம். ஆளுவ சிரிப்பாவ."

"ரூம் நிக்குதே அண்ணா. அதுவும் அந்த வீடுதானே," என்றாள் ஸ்டெஃபி.

சிஜு எழுந்து அறையை ஒருமுறை சுற்றிவந்தான். பிறகு சுத்தியலை எடுத்தான். அறையின் முன்சுவரைப் பெயர்த்து, உள்ளே தெரியும்படி திறந்துவிட்டான். உடையாமல் கிடந்த மரப்படிகளை லாரியின் பின்புறம் சாய்த்துக் கட்டினான்.

பாறசாலை சந்திப்பில் மற்ற லாரிகள் வண்ண விளக்குகளோடு நின்றன. இவர்களுடையதைக் கண்டதும், "எலே, கொட்டாரம் எங்கடே?" என்று மாளிகையைக் காணாமல் யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. ஸ்டெஃபி லாரியின் விளிம்புக்கு வந்தாள். மைக்கை எடுத்து, சின்ன அறையின் கதையை மலையாளத்திலும் தமிழிலுமாகச் சொல்லி முடித்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது.

மீன் விற்று வந்த பவுலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு லாரிப் பக்கம் வந்தாள்.

"நம்ம ஆளுக்க ரூமாக்கும்ணா நானும் கேறலாமா?"

"கேறுங்க சேச்சி. நம்ம வீடாக்கும்."

தலையிலிருந்த மீன் சருவத்தைத் தரையில் வைத்துவிட்டு பவுலா படியேறினாள். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கூட்டத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள். கைதட்டல் தொடங்கியது. அடுத்து ஒரு ஆட்டோக்காரர் ஏறினார், பிறகு ஒரு குடும்பம். வரிசை ரயில் நிலையச் சாலை வரை நீண்டது. படிக்கட்டில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து ஏற்றினான் சிஜு. நடுவர்களும் வரிசையில்தான் நிற்க வேண்டியிருந்தது.

முதல் பரிசு கொல்லயிலுக்கு என்று ஒலிபெருக்கி அறிவித்தபோது, கீழே இறங்க யாருக்கும் மனமில்லை. கட்டிலில் பிள்ளைகளும் மேசைமேல் கோப்பையுமாக லாரி ஊருக்குத் திரும்பியது. வழிநெடுகச் செண்டை மேளம் முழங்கியது. ஸ்டெஃபியிடமிருந்து மைக்கைப் பிடுங்கி, அந்த முந்நூற்று நாற்பது அறைகளின் கதையை சிஜுவே சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தான்.