மினுக்கு விளக்கு கெட்டால் போகக்கூடிய இடம்

செஞ்சியில் சாந்த் பாஷாவின் கைபட்ட விளக்கு எதுவும் இரண்டாம் முறை கெட்டதில்லை. ஆகவே, கடலுக்கு மேல் காணாமல்போன அவருடைய மகன் ஜீஷான், நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுநாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு விமானத்தோடு வந்து, திண்டிவனம் ரோட்டில் இருந்த அவருடைய ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு மேலே நின்றபோது, வேறு கடைக்குப் போகாமல் இங்கே வந்தானே என்று ஊரில் ஒருவரும் வியக்கவில்லை.

நிலாவைக் கொண்டுவந்து நிறுத்தினால் தேய்பிறையைச் சரிசெய்து அனுப்புவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். எதிர்க்கடை கன்னியப்பனின் தொழில் வேறு மாதிரி. எர்த் வயரை நட்டுக்கு அடியில் செருகிவிட்டு முறுக்காமல் விடுவார். வண்டி அனந்தபுரம் தாண்டுவதற்குள் விளக்கு அணைந்து, மறுநாள் அவரிடமே திரும்பி வரும்.

“இன்னா கன்னியப்பா, முறுக்கிட்டியா? இல்ல, நாளைக்கும் அந்த மூஞ்சப் பாக்கணுமா?” என்று சாந்த் பாஷா ரோட்டைத் தாண்டிக் கத்துவார்.

“உன் வேலை சுத்தம் பாய். அதான் போன வண்டி ஒண்ணும் உன்னத் திரும்பிப் பாக்கறதில்ல.”

விமானம் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், வயதில் சாந்த் பாஷாவுக்கு மூத்தது. ஜீஷான் வடக்கே விமானம் ஓட்டப் பழகிய பள்ளியில் அதைத்தான் கொடுத்திருந்தார்கள். விசிறி சுற்றியது, சத்தம் வரவில்லை. ஒரு விளக்கும் எரியவில்லை. கண்ணாடிக்குள் முகம் தெரியவில்லை. ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொள்ளும் அவனுடைய பழக்கம் மட்டும் தெரிந்தது. பஸ் டிரைவர்கள் முதல் நாள் ஹாரன் அடித்தார்கள், பிறகு ஒதுங்கிப்போகப் பழகிக்கொண்டார்கள். ரோட்டுக்கு இடைஞ்சல் என்று நோட்டீஸ் ஒட்ட வந்த பேரூராட்சி ஆளுக்குக் கை எட்டவில்லை. ரிஹானா மூன்று வேளையும் மகனுக்குத் தட்டில் சோறு கொண்டுபோய் மொட்டைமாடியில் வைத்தாள், ஆறியதும் எடுத்து வந்தாள், இறக்கைக்குக் கீழேயே படுத்தாள். ஆனால் நிற்க நிற்க விமானம் வெளுத்தது. ஒரு வாரத்தில் வாலின் வழியாக ராஜகிரிக் கோட்டை தெரிய ஆரம்பித்தது.

விமானப் பள்ளியில் ஜீஷானோடு படித்த இளமாறன் துக்கம் கேட்க வந்தவன், அண்ணாந்து பார்த்தான். “கடைசியா ரேடியோல, மினுக்கு லைட்டு போச்சுன்னுதான் சொன்னான், அங்கிள். ராத்திரி பறக்கணும்னா எடது றெக்கையில சிவப்பு, வலதுல பச்சை, வால்ல வெள்ளை எரியணும். அதோட மினுக்கற லைட்டும் வேணும். பழைய விமானத்துக்கு அது சிவப்பா இருந்தா போதும். அது நடுவழியில கெட்டா, ரிப்பேர் பண்ற எடம் வரைக்கும் போலாம்னு ரூல் இருக்குது. அதான் இங்க வந்துட்டான்.”

“ரிப்பேர் ஆயிடுச்சின்னா?”

இளமாறன் டீயைக் குடித்து முடித்தான்.

“செஞ்சி குடுக்காதீங்க,” என்றாள் ரிஹானா. “செஞ்சா பூடுவான்.”

“நிறுத்தி வெச்சா கரைஞ்சிடுவான், ரிஹானா.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பொழுது சாயும்போது சாந்த் பாஷா ஏணி போட்டார். கேட்காமலே கன்னியப்பன் ரோட்டைக் கடந்து வந்து பிடித்துக்கொண்டார். இடது இறக்கைக்கு லாரியின் பின்விளக்கு, வாலுக்கு வேனின் ரிவர்ஸ் விளக்கு. பச்சைக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. கடைசியில் தர்கா உரூஸுக்குக் கட்டிய சீரியல் செட்டிலிருந்து ஒன்று கிடைத்தது. தொட்ட இடமெல்லாம் தகரம் பனிபோல் சில்லென்றிருந்தது. விளக்கு ஒவ்வொன்றாக எரிய எரிய, வெளுத்த விமானத்தில் பெயிண்ட் திரும்பி வந்தது. கண்ணாடிக்குள் இருந்த முழங்கை ஜன்னலிலிருந்து எழுந்து, ஓட்டுகிறவனின் கையாயிற்று. மிச்சம் இருந்தது மேலே மினுக்கும் சிவப்பு. சாந்த் பாஷா புது பல்பைப் போட்டார், ஹோல்டரைத் துடைத்தார், எர்த் வயரை நட்டுக்கு அடியில் செருகினார். ஸ்பானரைப் பிடித்த கை அங்கேயே நின்றது. கீழே ரிஹானா இரண்டு கையாலும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

அவர் ஸ்பானரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். “முடிஞ்சிது,” என்றார், யாரையும் பார்க்காமல்.

விமானம் மினுக்கியபடி எழும்பி, ராஜகிரியைச் சுற்றிக்கொண்டு போயிற்று. சிங்கவரத்தில் மல்லாட்டை விளைந்திருந்த கொல்லைகளுக்கு மேலே சிவப்பு விளக்கு இரண்டு தரம் விக்கி அணைந்ததைக் கொல்லையில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

மறுநாள் மஃரிபுக்குப் பிறகு அது கடைக்கு மேலே வந்து நின்றது. அதற்கடுத்த நாளும் வந்தது. இப்போது வெளுப்பதில்லை. ஐந்தரை மணி பஸ்ஸைப் போல ஊர் அதையும் ஒரு வரத்தாக எடுத்துக்கொண்டது; ரிஹானா நாளுக்கு ஒரு வேளை மட்டும் தட்டு வைக்கிறாள். கன்னியப்பன் தினமும் ஏணியைப் பிடிக்கிறார், மேலே நடப்பதை அண்ணாந்து பார்ப்பதில்லை. சாந்த் பாஷா ஏறி, கழன்ற வயரை எடுத்துத் துடைத்து, நட்டுக்கு அடியில் செருகி, முறுக்காமல் இறங்குகிறார்.