திறந்த மனசு மாதம்

மூன்று நாள் பயிற்சிக்குப் போய்த் திரும்பிய மேனேஜர், திங்கட்கிழமை காலையில் எல்லாரையும் துணி மடிக்கும் மேஜைகளைச் சுற்றி நிற்கவைத்துப் பேசினார்.

"இனிமே இங்க ஒளிவு மறைவுங்கிற பேச்சே கிடையாது. மனசுல என்ன இருக்கோ அத அப்பவே சொல்லிடணும். இந்த மாசம் பூரா திறந்த மனசு மாதம்."

எல்லாரும் கைதட்டினார்கள். பயிற்சியில் என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அது மேனேஜர்களுக்கு மட்டும்," என்றார் மேனேஜர்.

பெரிய சலவைக்கூடம் அது. இரண்டு ஆஸ்பத்திரிகளின் விரிப்புகளும் மூன்று ஹோட்டல்களின் துண்டுகளும் அங்கேதான் வெளுத்தன. கட்டடத்தின் நடுவில் ஒரு குறுக்குச் சுவர். அந்தப் பக்கம் அழுக்குப் பகுதி, இந்தப் பக்கம் சுத்தப் பகுதி. ஐந்து மெஷின்களும் சுவரிலேயே பதிந்திருக்கும். அழுக்குத் துணி அந்தப் பக்கத்துக் கதவு வழியாகப் போய், வெந்நீரில் வெளுத்து, இந்தப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வரும். வேலை நேரத்தில் ஒரு பக்கத்து ஆள் மறுபக்கம் போகக் கூடாது. கிருமி பரவாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு. தகவலும் பரவாமல் இருந்தது.

மேனேஜர் சும்மா இருக்கவில்லை. தன் அறைக் கதவில் 'எப்போதும் திறந்திருக்கும்' என்று பலகை மாட்டினார். ஏசி வீணாகிறது என்பதால் கதவை மட்டும் சாத்தி வைத்திருந்தார். 'திறந்த மனசு' என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். தினமும் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு ஒரு பொன்மொழி வரும். பதில் போடலாம் என்று பார்த்தால், அட்மின் மட்டுமே எழுத முடியும் என்று போன் சொல்லும். மற்றபடி, சொல்ல வேண்டியவர்கள் சொல்வதற்கு நான்கு பக்கத்தில் 'தகவல் பகிர்வுப் படிவம்' ஒன்று இருந்தது.

அந்தப் படிவத்தை முதலில் நிரப்பியவள் ரோலர் அக்கா. சுத்தப் பகுதியில் விரிப்புகளைத் தேய்க்கும் ராட்சத ரோலர்களுக்கு அவள்தான் மேற்பார்வை. பன்னிரண்டு வருட அனுபவம். ரோலரைச் சுற்றியிருந்த கனத்த துணி ஒரு ஓரத்தில் கிழியத் தொடங்கியிருந்தது. பெரிதாவதற்குள் மாற்றிவிடலாமே என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, நான்கு பக்கத்தையும் எழுதிக் கொடுத்தாள். மறுநாளே பதில் வந்தது. 'மேற்படி கிழிசலை முன்னரே தெரிவிக்காதது ஏன் என்பதற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும்.'

அக்கா அந்த மெமோவை இரண்டு முறை படித்தாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கிழிசலைத் தானே ஊசி நூல் வாங்கித் தைத்துவிட்டு, இனி இந்த ஆபீஸில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டினாள். அவளைப் பார்த்து மற்ற எல்லாரும் பாடம் கற்றுக்கொண்டார்கள். அந்த மாதம் முழுக்க வேறு ஒரு படிவமும் வரவில்லை. குறையே இல்லாத கூடம் என்று மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்.

அதனால்தான், மூன்றாம் மெஷினிலிருந்து வரும் விரிப்புகள் வரவர வெதுவெதுப்பாகத்தான் இருக்கின்றன என்பதைக் கவனித்தபோதும் அவள் பேசாமல் இருந்தாள். ஆஸ்பத்திரித் துணி எழுபத்தைந்து டிகிரி சூட்டில் வெளுக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது கை சுட வேண்டும். சுடவில்லை. லேசாக ஒரு வாடையும் இருந்தது. 'மீட்டர்ல எழுபத்தஞ்சுன்னு காட்டுதே, நமக்கென்ன' என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் அந்த விரிப்புகளைத் தொடும்போதெல்லாம் மனசுக்குள் ஏதோ உறுத்தியது.

சுவருக்கு அந்தப் பக்கம், அழுக்குத் துணி வாங்கும் பகுதிக்கு மேற்பார்வை அவளுடைய நாத்தனார். இருவரும் ஒரே வீடு, ஒரே சமையலறை. நான்கு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த மேற்பார்வை வேலைக்கு நாத்தனார் விண்ணப்பம் போட்டதும், தேர்வானதும் அக்காவுக்கு அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. "ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடுறோம், ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலல்ல?" என்று கேட்டாள். "கிடைக்காமப் போயிட்டா அசிங்கமாயிடும்னு சொல்லல அண்ணி," என்றாள் நாத்தனார். "அப்போ நான் சிரிப்பேன்னு நினைச்சியா?" என்று அக்கா கேட்டதற்கு நாத்தனார் ஒரு நொடி தாமதமாக "இல்ல" என்றாள். அந்த ஒரு நொடிதான் நான்கு மாதமாக நீண்டது.

நடுவில் மாட்டிக்கொண்டவர் அக்காவின் கணவர். சலவைக்கூடத்தின் வேன் டிரைவர் அவர். வீட்டில் பேச்சு முழுக்க அவர் வழியாகத்தான் போகும்.

"என்னங்க, உங்க தங்கச்சி உப்பு டப்பாவ எங்க வச்சிருக்கான்னு கேளுங்க."

"அண்ணா, அலமாரியில மேல்தட்டுலன்னு சொல்லு."

"மேல்தட்டாம்," என்பார் அவர், மூவரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருக்க.

மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு சாயங்காலம், டிரைவர் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டே சொன்னார். "பெரிய ஆஸ்பத்திரி தலைமை நர்ஸம்மா இன்னைக்கு என்னப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. நம்ம விரிப்புல நாத்தம் அடிக்குதாம், கறை அப்படியே இருக்காம். ரெண்டு நோயாளிங்கள அரை நாளு வெறும் மெத்தையில படுக்க வச்சிருக்காங்க."

காய் நறுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் தலை நிமிராமல் சொன்னாள். "அண்ணா, போன வாரமே நாப்பது விரிப்பு திரும்பி வந்துச்சு. எல்லாம் மூணாம் மெஷின்ல போட்டது. அத மறுபடி மூணாம் மெஷின்லயே போடச் சொல்லிட்டாரு மேனேஜர்."

அடுப்படியில் நின்றிருந்த அக்காவுக்குக் கரண்டி கையில் அப்படியே நின்றது. கணவர் பக்கம் திரும்பித்தான் பேசத் தொடங்கினாள். "என்னங்க, அந்த மெஷின்ல வர்ற துணி சூடே இல்லைன்னு உங்க தங்கச்சிகிட்ட..." அதற்கு மேல் பொறுக்கவில்லை. நேராக நாத்தனாரைப் பார்த்தாள். "மூணாம் மெஷின்னு நல்லாத் தெரியுமாடி?"

"நானே எண்ணிப் பார்த்தேன் அண்ணி. மூட்டையில நம்பர் இருக்குல்ல."

"ஒம்பது நாளா எனக்குத் தெரியும். வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

"எனக்கு மட்டும் என்ன? நானும்தான் இருந்தேன்."

டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவருக்கு அந்தச் சமையலறையில் வேலை இல்லாமல் போயிற்று.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, வேலை தொடங்குவதற்கு முன்பே மூவரும் போய் மெக்கானிக்கைப் பிடித்தார்கள். அவரை எல்லாரும் 'அப்புறம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் "அப்புறம் சொல்றேன்" என்பது அவர் பதில். கூடத்தில் எந்த வால்வு எங்கே ஓடுகிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்; எல்லாவற்றையும் சட்டைப் பையிலிருக்கும் சின்ன நோட்டில் குறித்து வைத்திருந்தார். அந்த நோட்டை அவர் மனைவிகூடப் பார்த்ததில்லை.

"மூணாம் மெஷின் சூடு என்னாச்சுண்ணே?" என்றாள் அக்கா.

"அப்புறம்..."

"இப்பவே சொல்லுங்க. நோயாளிங்க படுக்குற துணி."

அவர் சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டார். "மீட்டர் முள்ளு சிக்கிக்கிச்சும்மா. எழுபத்தஞ்சுலயே நிக்கும். தண்ணி பச்சத் தண்ணியா இருந்தாலும் எழுபத்தஞ்சுதான். ஆவி வால்வு வேற பாதி அடைச்சுக்கிட்டிருக்கு. மூணு வாரம் ஆச்சு."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலயே." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எல்லாத்தையும் சொல்லிட்டா அப்புறம் என்னை எதுக்கு வச்சிருப்பாங்க? இந்த நோட்டுதாம்மா என் வேலை."

யாரும் அவரைத் திட்டவில்லை. அவரவர் மடியிலும் கனம் இருந்தது. மெஷின்கள் ஓடத் தொடங்கியதும், அக்கா அவரிடம் ஒரு கைத்தெர்மாமீட்டரை வாங்கி மூன்றாம் மெஷினின் கழிவுநீர்க் குழாயில் பிடித்தாள். ஐம்பத்தொன்று. அவள் வேறெதுவும் பேசாமல் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மூன்றாம் மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. அந்த மெஷின் துணிகளை வேனில் ஏற்றமாட்டேன் என்று டிரைவர் சொல்லிவிட்டு, மற்ற மூட்டைகளோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனார்.

அன்றைக்குப் பார்த்துத்தான், திறந்த மனசு மாதத்தின் வெற்றியைப் பார்வையிட தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். மேனேஜர் பூங்கொத்து கொடுத்து அழைத்து வந்தார். நான்கு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று ஓடவில்லை.

"இது ஏன் நின்னுருக்கு?" என்றாள் அம்மாள்.

"பராமரிப்பு, மேடம். திட்டமிட்ட பராமரிப்பு," என்றார் மேனேஜர். இதைத் திட்டமிட்டது யார் என்று அவருக்கே அப்போது தெரியாது.

அக்கா முன்னால் வந்தாள். "இல்லைங்க. நான்தான் நிறுத்தினேன். தண்ணி சூடாகல. மூணு வாரமா சரியா வெளுக்காத துணிதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு. எனக்கு ஒம்பது நாளாத் தெரியும், சொல்லல. அது என் தப்பு."

மேனேஜரின் முகம் வெளிறிப் போனது. "இத உள்ள உக்காந்து பேசலாமே."

"என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?" என்றாள் அம்மாள் பொதுவாக.

சுவரின் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற நாத்தனார், அவசரத்துக்குப் பேசுவதற்காகச் சுவரில் பதித்திருந்த குழாய் வழியாக மேனேஜரிடம் சொன்னாள். அது எல்லாருக்கும் கேட்டது. "ஆஸ்பத்திரியிலேர்ந்து லெட்டர் வந்துச்சே சார். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி உங்க மேஜையில வச்சேன். பதினோரு நாளாச்சு."

"அது... அது ரகசியக் கடிதம்," என்றார் மேனேஜர். "மாசம் முடியட்டும்னு இருந்தேன். நடுவுல சொன்னா ஜனங்களோட உற்சாகம் கெட்டுடும் பாருங்க."

இந்த மாதிரி விஷயங்களில் கை தேர்ந்தவளாக அம்மாள் சொன்னாள். "சரி. இப்ப முக்கியமானது ஒண்ணுதான். ஆஸ்பத்திரிக்கு இதப் பத்தி ஒரு வார்த்தையும் போகக் கூடாது. என்ன சொல்லணும், எப்பச் சொல்லணும்னு தலைமை அலுவலகம் முடிவு பண்ணும்."

அந்த நேரம் பார்த்து டிரைவர் உள்ளே வந்தார். கையில் காலிக் கூடைகள்.

"யாருக்குச் சொல்லக் கூடாது?" என்றார். "ஆஸ்பத்திரிக்கா? காலையிலயே நர்ஸம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேனே. மூணாம் மெஷின் துணி எல்லாத்தையும் எடுத்து ஒதுக்கி வச்சுட்டாங்க."

நான்கு மெஷின்களும் சுற்றிக்கொண்டிருந்தன.

விஷயம் எப்படி முடிந்தது என்றால், நல்லவிதமாகவே முடிந்தது. ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. "மத்தவங்க எல்லாம் மழுப்புவாங்க. இங்க வேன் ஓட்டுறவராவது உண்மையைச் சொல்றாரு," என்று தலைமை நர்ஸ் எழுதியிருந்தாள். புது மீட்டர் வந்தது, வால்வு மாறியது. ஒதுக்கி வைத்த விரிப்புகளை எல்லாம் அக்காவும் நாத்தனாரும் இரண்டு பக்கமும் நின்று மறுபடி வெளுத்து அனுப்பினார்கள். 'அப்புறம்' தன் நோட்டைப் பார்த்து, எந்த வால்வு எங்கே என்று ஒரு பெரிய அட்டையில் படம் வரைந்து மாட்டினார். அவர் வேலை போகவில்லை. அட்டையில் அவருடைய கையெழுத்து யாருக்கும் புரியாததால் முன்னைவிட அதிகமாகவே கூப்பிட்டார்கள்.

வாடிக்கையாளரிடம் ஒளிவு மறைவின்றி நடந்துகொண்டதற்காக மேனேஜருக்குத் தலைமை அலுவலகம் ஒரு கேடயம் கொடுத்தது. படம் குழுவில் வந்தது, ரோஜாப்பூவோடு.

டிரைவருக்கு மெமோ வந்தது. 'அனுமதியின்றித் தகவல் பகிர்ந்தமைக்கு விளக்கம் தரவும்.'

அன்று சாயங்காலம் சமையலறை மேஜையில் அந்தக் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு அண்ணியும் நாத்தனாரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருந்தார்கள்.

"'பணிவுடன்'னு ஆரம்பிக்கலாம் அண்ணி."

"பணிவு எதுக்குடி? தப்பா பண்ணிட்டாரு?"

"பணிவா எழுதினாத்தான் உறைக்கும்."

டிரைவர் வாசற்படியில் நின்று, "நான் என்ன சொல்றேன்னா..." என்றார்.

"நீங்க சும்மா இருங்க. காலையில கையெழுத்து போட்டாப் போதும்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

பதில் மூன்று பக்கத்துக்குப் போயிற்று. மெமோவுக்குப் போன அந்தப் பதிலைப் பற்றி இன்றுவரை ஆபீஸில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.