காபியில் கலந்தது

பால் நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாக்கக்கா என்றால்தான் வாசல் காவலாளிக்கே தெரியும். டேங்கரில் வந்து நிற்கிற பாலில் ஒரு கரண்டி எடுத்துக் காய்ச்சி, ஆறவைத்து, முகர்ந்து, வாயில் விட்டுத் துப்பிவிட்டு அவள் "இறக்கு" என்றால் இறக்குவார்கள். "திருப்பு" என்றால் டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்புவான். மாட்டுக்குப் போட்ட தீவனம் கெட்டதா, கேனைச் சரியாகக் கழுவவில்லையா என்பதைக்கூடச் சொல்லிவிடுவாள். கருவிகளின் வேலை அதற்குப் பிறகுதான். சம்பளம், மரியாதை, அதட்டல் எல்லாம் அந்த நாக்கை நம்பித்தான்.

மாதவிடாய் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்தாற்போல் இருந்து உடம்பு தகிக்கும், தூக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தாள். வீட்டு மனிதர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதீர்கள் என்றால், கணவரும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு "ஹார்மோன்" என்பார்கள். சாப்பிட்ட தட்டை எடுத்து வை என்றாலும் ஹார்மோன்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தத் துண்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். அப்போதெல்லாம் எது பேசியதாம்?

இரண்டு மாதமாக வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல ஒரு சுவை. எவ்வளவு கொப்பளித்தாலும் பகல் முழுக்க அடிநாக்கில் ஒட்டிக்கொண்டே இருந்தது. நல்ல பாலைத் திருப்பி அனுப்பினாள். புளிக்கத் தொடங்கியிருந்த ஒன்றை இறக்கச் சொன்னாள், அதோடு சேர்ந்து ஒரு தொட்டிப் பாலே வீணானது. மேலாளர் அவள் கண்ணெதிரே வேலைக்குச் சேர்ந்தவர், நேற்றுப் பையன். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இரக்கப்பட்டார்.

"அக்கா, இந்த வயசுல வர்றதுதான். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஒண்ணும் ருசிக்கல. திங்கக்கிழமைல இருந்து நீங்க பேக்கிங் பக்கம் போயிடுங்க. அங்க ஃபேன் இருக்கு."

ஃபேனாம். தலையை ஆட்டிவிட்டு வந்து கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் அதற்கும் அதே பட்டத்தைத்தான் கட்டுவார்கள். துண்டு கட்டிலில் கிடந்தது, தட்டு மேஜையில் காய்ந்தது, அவள் எதுவும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் காலைக் காபி. அடுப்படிப் பக்கமே தலைவைத்துப் படுக்காத கணவர், இரண்டு மாதமாகத் தானே எழுந்து காபி போட்டுக் கையில் கொடுக்கிறார். உச்சி குளிர்ந்து போயிருந்தாள். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருந்தாலும், ஆசையாகப் போட்டுக் கொடுக்கிறவரிடம் குறை சொல்ல வாய் வருமா? அப்புறம் நாக்கே போய்விட்டது என்று தெரிந்ததும் காபியின் மேல் பழி போடுவதையும் விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேஸ்காரர் மணியடித்தார். கணவர் எழுந்து போக, தன் காபியை இன்னும் வாயில் வைக்காதவள், செய்தித்தாளைப் பார்த்தபடியே கைக்கு எட்டிய கோப்பையை எடுத்துக் குடித்தாள். நல்ல காபி. பாலின் இனிப்பும் டிகாக்‌ஷனின் கசப்பும் தனித்தனியாகத் தெரிந்தன. நிமிர்ந்து பார்த்தாள். அது அவருடைய கோப்பை.

தன்னுடையதை இழுத்து வைத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு முகர்ந்தாள், ஒரு வாய் எடுத்தாள், துப்பினாள். மறுபடி அவருடையது, மறுபடி தன்னுடையது. ஒரே பால், ஒரே டிகாக்‌ஷன். துருப்பிடித்த ஆணி மட்டும் அவள் கோப்பையில் கிடந்தது.

கணவர் திரும்பி வந்தபோது அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது.

"இதுல என்ன கலந்தீங்க?"

அவர் கொஞ்சம் மழுப்பினார், கொஞ்சம் சிரித்தார். பிறகு அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். மெனோபாஸ் பெண்களுக்கான புரோபயாட்டிக் பவுடர். கோடிக்கணக்கான நல்ல கிருமிகள், கூடவே துத்தநாகம், இன்னும் என்னென்னவோ வேர்கள். டப்பாவின் மேல் ஒரு பெண் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கக்காதான் சொன்னா, உன் கோவம் கொறையும்னு. உன் நல்லதுக்குத்தான்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ கத்துவ."

"இதே மாதிரி பவுடரைப் பத்தி டாக்டர்கிட்ட நானே கேட்டுட்டு வந்தேன். சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது, இஷ்டம்னா பாருங்கன்னாங்க. யோசிச்சுட்டு இருந்தேன். கேட்டிருந்தா நானே குடிச்சிருப்பேன். இது உயிரோட இருக்கற கிருமிங்க. கொதிக்கற பால்ல உறை ஊத்தித் தயிர் ஆகி எங்கயாவது பாத்திருக்கீங்களா? கொதிக்கற காபில போட்டு அதைக் கொன்னு, செத்ததை எனக்குக் குடுத்திருக்கீங்க. உருப்படியா மிஞ்சினது அந்தத் துத்தநாகம்தான். அது என் நாக்கைத் தின்னுடுச்சு."

சத்தம் கேட்டு மகள் வந்து நின்றாள். டப்பாவைப் பார்த்ததும் அவளும் கண்ணைத் தாழ்த்தினாள். இவளுக்கும் தெரியும்.

"ஆனா வேலை செஞ்சுதேம்மா," என்றாள் மகள் மெதுவாக. "இந்த ரெண்டு மாசமா நீ எவ்ளோ அமைதியா இருந்த. வீடே நிம்மதியா இருந்துச்சு."

வீடு நிம்மதியாகத்தான் இருந்தது. அவள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தாள், அதைப் பார்த்து இவர்களுக்கு நிம்மதி.

"நான் அமைதியா இல்லடி. என் கதை முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சு உக்காந்திருந்தேன். நாளையிலிருந்து என்னைப் பேக்கிங்குக்குத் தள்ளிட்டாங்க, தெரியுமா? ஒருத்தராவது ஏன் பேசாம இருக்கேன்னு கேட்டீங்களா?"

கணவர் டப்பாவின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார். அவள் செல்போனை எடுத்து மேலாளரின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டுக் கணவர் முன்னால் வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அவரும் என் வயசைத்தான் சொல்வாரு."

"வெளி மனுஷங்ககிட்ட எப்படிம்மா? என் மானம் போயிடும்."

"என் மானம் போனப்ப கரண்டி உங்க கையிலதான் இருந்துச்சு."

மறுமுனையில் மேலாளர் "சொல்லுங்கக்கா" என்றார். கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தம்பி, நான் அவங்க வீட்டுக்காரர். அவங்க நாக்குல ஒண்ணும் கோளாறு இல்ல. வீட்ல தவறுதலா ஒரு பவுடர் காபில..."

"தவறுதலா இல்ல," என்றாள் அவள். "தினமும். அதையும் சொல்லுங்க."

கணவர் மகளைப் பார்த்தார். மகள் நகரவில்லை.

"தினமும் தம்பி," என்றார் அவர். "நான்தான் கலந்து கொடுத்தேன்."