சடையன் கேட்ட பங்கு

சடையன் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததை முதலில் பார்த்தவள் நான்தான். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். டாக்டர் சோதித்துவிட்டுச் சர்க்கரை என்றார், தினமும் காலையில் இன்சுலின் ஊசி போடவேண்டும் என்றார். பிடித்தது சனியன்.

பழவேற்காட்டில் நான் வேலை பார்த்த இல்லத்துப் போர்டில் ‘மனவளர்ச்சி குன்றிய பெரியவர்களுக்கானது’ என்று எழுதியிருக்கும். சடையனோடு ஒரு நாள் வாதாடிப் பார்த்தால் குன்றியது யார் என்று தெரிந்துவிடும். முப்பத்தைந்து வயசு, நல்ல வாட்டசாட்டமான ஆள். லைட்ஹவுஸ் குப்பத்தில் கரைவலை இழுத்து வளர்ந்தவன். ஊசியைக் கண்டால் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். இழுத்துப்போட்டு நாங்கள் நாலு பேர் அமுக்கிக்கொள்வோம், கம்பவுண்டர் வந்து போட்டுவிட்டுப் போவார். அப்புறம் நாள் முழுக்க என் முகத்தையே பார்க்க மாட்டான். எனக்குச் சோறு இறங்காது.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பொன்னேரியிலிருந்து நர்ஸ் தனக்கோடி வந்தார். முதல் நாளே கூத்தைப் பார்த்துவிட்டார்.

“ஆளை அமுக்கிப் போடறது வைத்தியம் இல்லம்மா. ஒரு வாரம் பாருங்க. அவனா கைய நீட்டணும். இல்லேன்னா டாக்டர் சொன்னாப்ல மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்” என்றார்.

மெட்ராஸுக்குப் போனால் சடையன் திரும்பி வருவானா? ஒரு நாள் கடலைப் பார்க்காவிட்டால் சாப்பிடாத ஆள் அவன்.

நானும் கூட வேலை பார்த்த ஆமினா பீவியும் மும்முரமாகக் கற்றோம். நீல மருந்தில் சிறுநீரைச் சொட்டவிட்டுக் காய்ச்சி, சர்க்கரை எவ்வளவு என்று நிறம் பார்த்தோம். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்தோம். மருந்துப் புட்டியை ஈரமணல் சட்டிக்குள் குளுகுளுவென்று வைத்தோம். ஊசி குத்திப் பழக ஆரஞ்சுப் பழம் வேண்டுமாம். எங்கள் ஊரில் ஆரஞ்சுக்கு எங்கே போவது? ஏரியில் பிடித்த மடவை மீன் இருக்கிறதே, அது போதும் என்று நான்தான் சொன்னேன்.

மடவைக்குச் செதில் கெட்டி. வால் பக்கமிருந்து செதிலுக்கு அடியில் படுக்கவைத்துச் செருகினால்தான் ஊசி இறங்கும். கை அப்படியே பழகிவிட்டது. பிறகு ஆமினாவின் கையில் சும்மா உப்புத்தண்ணீர் ஊசி போட்டபோதும் அப்படியே செருகினேன். தண்ணீர் உள்ளே இறங்காமல் தோலிலேயே கொப்புளம் கிளம்பியது.

“ஆமினாவுக்கு இன்னா, செதிலா இருக்கு?” என்றார் தனக்கோடி.

“மீனா இருந்தா தப்பிச்சு ஓடியிருப்பேன் சிஸ்டர்” என்றாள் ஆமினா, கையைத் தேய்த்துக்கொண்டே.

வாரத்தின் கடைசி நாள் வந்துவிட்டது. கொல்லையில் பெஞ்சைப் போட்டு, கொதிக்கவைத்த ஊசிகளை ஆளுக்கு ஒன்றாகத் தட்டில் எடுத்து வைத்தோம். நான் ஆமினாவுக்குப் போட்டேன், இந்தத் தடவை ஒழுங்காக. ஆமினா எனக்குப் போட்டாள். வாட்ச்மேன் எல்லப்பனையும் விடவில்லை. கொதிக்கத் தண்ணீர் தூக்கி வந்த சடையன் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்கோடி தட்டை மூடப் போனபோது விறுவிறுவென்று வந்து பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தான்.

“தண்ணி நான் தூக்கனேன். என் பங்கு எங்க?”

குப்பத்தில் வலைக் கயிற்றைத் தொட்டவனுக்கெல்லாம் மீனில் பங்கு உண்டு. ஒருத்தனை விட்டுவிட்டால் அவன் வலைமேல் உட்கார்ந்துகொள்வான், கொடுக்காமல் எழுப்ப முடியாது. அவனுக்கு ஊசி வலியாகத் தெரிந்தவரை ஓடினான். பங்காகத் தெரிந்ததும் விடுவானா?

இன்சுலினை உறிஞ்சினேன். தனக்கோடி அளவைப் பார்த்துத் தலையாட்டினார். கையை நீட்டிய சடையன், திடீரென்று இழுத்துக்கொண்டான்.

“இவங்க வாங்கல” என்று தனக்கோடியைக் காட்டினான். “மொதல்ல இவங்களுக்குப் போடு. எல்லாருக்கும் பங்கு.”

ஊருக்கெல்லாம் ஊசி போடும் தனக்கோடிக்கு முகம் வெளுத்தது. என் காதோரம் குனிந்தார்.

“ரோசி, எனக்கு யாராவது போடறதுன்னா பயம்மா. சின்ன வயசுலேர்ந்தே.”

சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சடையன் பாதி எழுந்துவிட்டான். தனக்கோடியும் அதைக் கவனித்தார். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ரவிக்கைக் கையை ஏற்றிக்கொண்டார். ஆமினா உப்புத்தண்ணீர் ஊசியோடு நெருங்கியதும் கண்ணை இறுக மூடினார். சடையன் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டான்.

“மூச்சு வுடு. என்னைப் பாரு. ஒண்ணுமில்ல” என்றான்.

தினமும் கட்டிலுக்கு அடியில் குனிந்து நான் அவனிடம் சொன்ன வார்த்தைகள் அவை. ஒன்றும் அவன் காதில் ஏறவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்து அவன் கையை நீட்டினான். தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட்டேன். யாரும் அவனைப் பிடிக்கவில்லை.

“அவ்ளோதானா?” என்றான், ஏமாந்துபோனவனாக.

“டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். இவன் எங்கயும் போக வேணாம்” என்றார் தனக்கோடி. வலியோ சந்தோஷமோ, கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. எனக்குச் சந்தோஷம்தான், அடக்க முடியவில்லை.

சடையன் அவர் கையை இன்னும் விடவில்லை.

“அழாத சிஸ்டர்” என்றான். “நாளைக்கும் உனக்குப் பங்கு உண்டு.”