தரையைப் பார்த்திருந்த வாரம்

பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனைச் செக்கிங் இன்ஸ்பெக்டரான அவர், மூஞ்சியைப் பார்த்தே பிடித்துவிடுவார். கண்டக்டர்கள் அவருக்கு மோப்பம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். முதலில் வைத்தவன் யார் என்பதும் தெரியும். அந்த மோப்பம் இப்போது சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் தலையணையை வைத்து, அதில் நெற்றியை முட்டுக்கொடுத்து, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வலது கண்ணுக்குள் இருக்கும் திரை கிழிந்து விலகிவிட்டது. டாக்டர் அதை ஒட்டவைத்து, கண்ணுக்குள் ஒரு காற்றுக்குமிழியை ஏற்றி அனுப்பியிருந்தார். தலை குனிந்திருந்தால்தான் குமிழி எழும்பித் திரையை அழுத்திப் பிடிக்கும். ஒரு வாரம். கக்கூஸுக்குப் போனாலும் குனிந்த தலை நிமிரக் கூடாது. நிமிர்ந்து ஒட்டியது பிய்ந்தால் அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான்.

"கடவுள் பாத்துக்குவாருங்க," என்றாள் மனைவி.

"அவரு நல்லாத்தான் பாப்பாரு. கண்ணு போனது எனக்குத்தானே?"

கடவுளோடு அவருக்குப் பகை கிடையாது. சந்தேகம்தான். வாயைத் திறக்காதவன் எதையோ மறைக்கிறான் என்பது அவருடைய தொழில் அனுபவம். கடவுளோ ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை.

காலையில் மனைவியின் போன் அடித்தது. "சொல்லுங்க டாக்டர்" என்றவள், பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பி வந்தபோது அவருக்குத் தெரிந்தது அவளுடைய பாதங்கள் மட்டும்.

"என்னவாம்?"

"மருந்து ஒழுங்கா போடறோமான்னு கேட்டார்."

"அதுக்கு எதுக்குக் கதவைச் சாத்தின?"

"உள்ள சரியா கேக்கல. ஒரே வண்டிச் சத்தம்."

ரோட்டைப் பார்த்த பால்கனியில் வண்டிச் சத்தம் குறைவாம். பொய் சொல்வதற்குக்கூட ஒரு பயிற்சி வேண்டாமா?

மதியம் மைத்துனன் வந்தான். வேலை நாளில் வருகிறவன் இல்லை. கறுப்பு ஷூ இரண்டும் வாசலிலேயே தயங்கி நின்றன.

"எப்படி இருக்கீங்க மாமா?"

"குனிஞ்சு இருக்கேன்."

"சரியாயிடும் மாமா."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான்..."

அக்காவும் தம்பியும் சமையலறைக்குள் போனார்கள். குழாய் முழு வேகத்தில் திறந்தது. ஒரு பாத்திரம் உருளும் சத்தம்கூட இல்லை. தண்ணீர் இரைச்சலுக்கு நடுவே தம்பியின் குரல் தப்பி வந்தது. "சொல்லிடலாம்க்கா."

அவர் முடிவுக்கு வந்துவிட்டார். கண் போய்விட்டது. இவர்களுக்குத் தெரியும். போன கண்ணுக்காகத்தான் தன்னைத் தரையைப் பார்க்க வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு நொடி அவள் மூஞ்சியைப் பார்த்தால் போதும், உண்மை தெரிந்துவிடும். கழுத்து தானாக நிமிரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

"ஏய், எவர்சில்வர் தட்டு ஒண்ணு கொண்டா. பளபளன்னு இருக்கணும்."

"இப்பதானே சாப்பிட்டீங்க?"

"கண்ணு மருந்து கீழ சொட்டுது. கேள்வி கேக்காத."

தட்டு தரைக்கு வந்தது. அதில் ஃபேன் தெரிந்தது. அப்புறம் சுரைக்காய் போல நீண்ட மனைவியின் முகவாய். பக்கத்தில் மைத்துனனின் மூக்கு, அகன்று. அந்தத் தட்டில் பார்த்தால் கடவுளே திருட்டு முழிதான் முழிப்பார்.

"தட்டு காஞ்சு கிடக்கு," என்றாள் அவள். "என் மூஞ்சியையா பாக்குறீங்க?"

"ஆமா. ரெண்டு பேரும் மூஞ்சியைக் காட்டாம நடமாடுறீங்கல்ல?"

"நாங்க எங்க ஒளிஞ்சோம்? குனிஞ்சிருக்கறது நீங்க."

"இப்ப காட்டு. இல்ல, நிமிர்ந்துடுவேன்." நெற்றி தலையணையை விட்டு ஒரு விரல்கடை உயர்ந்தது.

"மாமா, வேண்டாம்!"

அவள் காலால் தட்டைத் தள்ளிவிட்டாள். வலிக்கிற முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, மல்லாந்து, நாற்காலிக் காலுக்கும் மேஜைக் காலுக்கும் நடுவே உடம்பை நகர்த்தினாள்.

"என்னக்கா இது, வண்டிக்கு அடியில பூந்து ரிப்பேர் பண்ற மாதிரி?"

"நீ சும்மா இருடா." அவள் முகம் அவர் முகத்துக்கு நேர் கீழே வந்து நின்றது. "ம். பாருங்க. கேளுங்க."

"கண்ணு போச்சா?"

"தெரியாது."

"டாக்டருக்கு?"

"அவருக்கும் தெரியாதாம். நான்தான் விடாம கேட்டேன். ஒட்டலாம், ஒட்டாமலும் போகலாம், குமிழி கரைஞ்சாத்தான் தெரியும்னார். உங்ககிட்ட சொன்னா வெறுத்துப்போய் நிமிர்ந்துடுவீங்கன்னு பயம். இவன் சொல்லிடலாம்னான்."

அவர் அந்த முகத்தைச் சோதித்தார். பொய் சொல்கிறவர்களின் இமை எங்கே துடிக்கும், உதடு எப்போது காயும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அங்கே தூக்கம் கெட்ட இரண்டு கண்களும், தலைமுடியில் ஒட்டிய தரைத்தூசியும், தனக்கு இருக்கிற அதே பயமும் இருந்தன. ஒளித்துவைக்க அவளிடம் ஒன்றுமே இல்லை.

பொய்யாக இருந்திருந்தால் தேவலை. பொய்யைப் பிடித்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும். இங்கே யாரைப் பிடிப்பது?

"அப்ப எதை நம்பி நான் குனிஞ்சிருக்கேன்?"

"என்னைக் கேட்டா? நானும் வேண்டிக்கிட்டேதான் இருக்கேன். பதில் ஒண்ணும் வரல. அதுக்காக நிறுத்தல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மைத்துனன் மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

"கொஞ்ச நேரம் இப்படியே கிடக்கேன். இடுப்புக்கு இதமா இருக்கு," என்றவள், அடுத்த வார்த்தைக்குள் தூங்கிப்போனாள். வாய் திறந்துகொண்டது. லேசான குறட்டை வந்தது.

அவருக்குச் சந்தேகம் போகவில்லை. அது அவ்வளவு சுலபமாகப் போகிற ரகமும் இல்லை. பிடரி தீயாக எரிந்தது. இப்போது நிமிர்ந்தால் கேட்க ஆளில்லை. அவர் நெற்றியைத் தலையணையில் இன்னும் அழுத்திக்கொண்டார்.

"இவ தூங்கட்டும்," என்றார் தரையைப் பார்த்து, மெல்ல. அவர் பேசியது அவளிடம் இல்லை, ஒருநாளும் வாயைத் திறக்காதவரிடம். "நீ முழிச்சிரு."

மூக்கு நுனியில் வேர்வை திரண்டது. அவள் முகத்தில் சொட்டிவிடாமல் விரலால் அதை வழித்துக்கொண்டு, அவர் அப்படியே இருந்தார்.